யார் யாரைப் பிடித்தது? 'கேட்ச்' என்ற வினையும் பாம்பன் கரையும்

மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் 'கேட்ச்' என்ற இங்கிலீஷ் சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் சொல்லிக்கொடுத்துவிடும். கடற்கரை மணலில் ரப்பர் பந்தோடு ஆடுகிற ஆறு வயசுப் பொடியன்கூட 'கேட்ச் பிடிடா!' என்று கத்துவான். ஒரே வேலைக்கு இரண்டு மொழியிலிருந்தும் ஆளுக்கொரு வினை. இரண்டும் அவனுக்கு வேண்டும்.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் வருகிறது. 'ஐ காட் எ கோல்டு' என்று ஒரு வாக்கியம் பாடத்தில் இருக்கும். இந்தக் 'காட்' என்பது 'கேட்ச்'சின் இறந்தகாலம். 'எனக்குத் தடுமன் பிடிச்சிருக்கு' என்று ஆசிரியர் பொருள் சொல்வார். கடலோரப் பிள்ளைகளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "சார், தடுமன்தானே நம்மளப் பிடிக்குது? நாம எங்க சார் அதப் போய்ப் பிடிச்சோம்?" என்று ஒருவன் கேட்டுவிடுவான். வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் இந்த வினையின் பாதி பொருள்கள் தாமாகவே விளங்கிவிடும்.

இங்கிலீஷில் சின்னச் சின்ன வினைகளுக்குத்தான் பொருள் அதிகம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் சுமார் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். பின்னால் 'ரன்' அதையும் முந்திவிட்டது. 'கேட்ச்' அவ்வளவு பெரிய குடும்பமில்லை. இருந்தாலும் பந்து, மீன், பஸ், திருடன், தடுமன், தீ, மூச்சு, கண், காது என்று அது கை வைக்காத இடம் குறைவு. இத்தனையையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் 'எடு, பற்று' என்று பொருள்படும் 'கபேரே' என்ற வினை இருக்கிறது. 'கேப்சர்', 'கேப்டிவ்' எல்லாம் அதன் வழிவந்தவை. அது பேச்சு வழக்கில் திரிந்து பிரெஞ்சு நாட்டுக்குள் வந்தபோது வடக்கே ஒரு மாதிரியும் பாரிஸ் பக்கம் ஒரு மாதிரியும் ஒலித்தது. வடக்கத்தி உருவத்தில் 'க' நின்றது, பாரிஸ் உருவத்தில் அது 'ச' ஆனது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் வடக்கத்தி ஆட்கள். அவர்கள் வாய்வழி வந்தது 'கேட்ச்'. பின்னால் பாரிஸ் பக்கத்திலிருந்து வந்தது 'சேஸ்'. ஆக, துரத்துவதும் பிடிப்பதும் உடன்பிறப்புகள். சுமார் 1200 வாக்கில் 'கேட்ச்' இங்கிலீஷுக்குள் வந்தபோது அதற்கும் 'வேட்டையாடு, விரட்டு' என்ற பொருளே இருந்தது. கடை ரசீதில் நாம் பார்க்கிற 'பர்ச்சேஸ்'கூட இதே வீட்டுப் பிள்ளைதான்: அலைந்து திரிந்து ஒரு பொருளைக் கைக்குக் கொண்டுவருவது என்பது அதன் பழைய பொருள்.

விரட்டுகிற அந்தப் பழைய வாசம் இன்னும் போகவில்லை. பஸ்ஸைப் பிடிப்பது, ரயிலைப் பிடிப்பது, முன்னால் போகிறவனை எட்டிப் பிடிக்கிற 'கேட்ச் அப்' எல்லாவற்றிலும் ஓட்டம் இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்த பிறகு மெட்ராஸ் எழும்பூரில் போட் மெயில் ரயிலைப் பிடித்தவர் தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலைப் பிடிப்பார். அந்த ஏற்பாட்டை 1964 டிசம்பர் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த இடத்தில் தமிழும் இங்கிலீஷும் ஒத்துப்போகின்றன, அதனால் சொல்ல அதிகமில்லை.

இறந்தகாலம் ஏன் 'கேட்ச்ட்' என்று வராமல் 'காட்' என்று வருகிறது என்று கேட்கலாம். பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் ஒழுங்காக நடப்பவை. இது மட்டும் கெட்டுப்போனது சேர்க்கையால். 'பிடி' என்ற பொருளில் இங்கிலீஷுக்கே சொந்தமாக ஒரு பழைய வினை இருந்தது: இன்று கதவுக் கொண்டியைக் குறிக்கிற 'லாச்'. அதன் இறந்தகாலம் அப்போது 'டீச்' என்பது 'டாட்' ஆகிற, 'பை' என்பது 'பாட்' ஆகிற ரகத்தில் இருந்தது. வந்த சொல் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. ஆனாலும் 'கேட்ச்ட்' என்பது 18-ஆம் நூற்றாண்டு வரை நல்ல எழுத்தாளர்களிடமே புழங்கியது. அதனால் அப்படி எழுதிவிட்ட பிள்ளையைத் தலையில் குட்ட வேண்டாம், முந்நூறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். தமிழ் 'பிடி' இரண்டு வேலை பார்க்கிறது. வள்ளத்திலிருந்து கரைக்குக் கயிறு வீசுகிறவர் "பிடிடா" என்பார்: பறந்து வருகிற கயிறு கையில் நிற்க வேண்டும். நின்ற பிறகு, அலை வள்ளத்தை இழுக்கும்போது, "விடாமப் பிடிடா" என்பார். நமக்கு இரண்டும் ஒரே பிடிதான். இங்கிலீஷில் முதலாவது 'கேட்ச்', இரண்டாவது 'ஹோல்டு'. 'கேட்ச்' என்பது ஒரு கணம். ஓடுகிற, விழுகிற, பறக்கிற ஒன்று ஓரிடத்தில் நின்றுபோகிற அந்தக் கணம். அதற்குப் பிறகு நடப்பது அதன் பொறுப்பில் இல்லை. 'பத்து நிமிஷமா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்' என்பதை 'கேட்ச்' வைத்துச் சொன்னால் வெள்ளைக்காரன் விழிப்பான். தெருவைக் கடக்கும்போது குழந்தையிடம் 'கேட்ச் மை ஹேண்ட்' என்று சொல்கிற நம்மூர்ப் பெற்றோர் செய்யும் பிழையும் இதுதான். நாம் இங்கிலீஷில் செய்கிற 'கேட்ச்' பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு வேற்றுமையைத் தவறவிடுவதால் வருகிறது.

இதைவிட நுணுக்கமானது மீன் விவகாரம். விடிகாலையில் கரைக்கு வந்த வள்ளத்துக்காரரிடம் போய் நில்லுங்கள்.

"என்னண்ணே, பாடு எப்படி?"

"ராப் பூரா மீன் பிடிச்சோம்ப்பா, ஒண்ணும் படல."

இதை அப்படியே இங்கிலீஷாக்கப் பாருங்கள். 'வி காட் ஃபிஷ் ஆல் நைட்' என்று தொடங்கினாலே மீன் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றால் முன்னுக்குப் பின் முரண். முயற்சியைச் சொல்ல அவர்களுக்கு 'ஃபிஷ்' என்றே தனி வினை. பலன் வந்தால்தான் 'கேட்ச்'. தமிழில் 'மீன் பிடிப்பது' தொழில், அது பலனுக்கு உத்தரவாதம் தருவதில்லை. பலனைச் சொல்ல வேறொரு வினையைக் கூப்பிடுகிறோம்: படு. வலையில் படுகிறது, அகப்படுகிறது. பாம்பன், தங்கச்சிமடம் கோயில்களில் வாசிக்கிற லூக்கா சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் சீமோன் ராவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலம்புவார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'ஒன்றும் அகப்படவில்லை' என்றுதான் போட்டிருக்கிறது. சில வசனம் தாண்டினால் இனி நீ மனுஷரைப் பிடிப்பாய் என்று வரும். கடலில் இருந்த வினை அங்கேதான் கரையேறி உருவகமாகிறது.

ஆக, தமிழில் பிடிப்பது ஒரு வினை, படுவது ஒரு வினை. இங்கிலீஷ் 'கேட்ச்' இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது. 'அது என் கண்ணில் பட்டது' என்பதை அவர்கள் 'இட் காட் மை ஐ' என்பார்கள். 'நீங்க சொன்னது காதுல விழல' என்பதற்கு 'ஐ டிடின்ட் கேட்ச் தட்'. இதில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. இந்த வாக்கியத்துக்குப் 'புரியவில்லை' என்று பொருள் கொள்ளக் கூடாது, 'சரியாகக் கேட்கவில்லை' என்றுதான் பொருள். போன் பேட்டியில் 'ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்' என்று எதிர்முனை சொன்னால், பெயரை இன்னொரு தரம் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. 'கணக்கு எனக்குப் பிடிபடல' என்று நாம் சொல்கிற அந்தப் பிடிபடுதலுக்கு அவர்கள் வைத்திருப்பது 'கேட்ச் ஆன்'.

இப்போது தடுமன் பிடித்த பையனிடம் வரலாம். இங்கிலீஷ் 'கேட்ச்' ஒருவர் விரும்பித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. வந்து சேர்கிற பொருள் எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் வாக்கியத்தின் எழுவாய். வாளி மழைத்தண்ணீரை 'கேட்ச்' செய்யும், வலை மீனைச் செய்யும். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கூட்டித் தருகிற நிலத்தைப் பொதுப்பணித்துறைக்காரர்கள் 'கேட்ச்மென்ட்' என்பார்கள், தமிழில் நீர்ப்பிடிப்புப் பகுதி. நிலம் எழுந்து ஓடியா மழையைப் பிடித்தது? மேலே விழுந்ததை வாங்கிக்கொண்டது. தடுமனும் அப்படித்தான்: எவரோ விட்டது என்னிடம் வந்து நின்றது, அதனால் 'ஐ காட் இட்'. கிருமி என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலீஷ்காரர்கள் நோயை இப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அதனாலேயே இந்த வினை தொற்று நோய்களுக்கு மட்டும்தான். தடுமன், ஃப்ளூ, அம்மை எல்லாம் 'கேட்ச்' ஆகும். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் ஆகாது, எவரிடமிருந்தும் வந்து சேர்பவையல்ல. தமிழ் 'பிடி'க்கு இந்தக் கணக்குக் கிடையாது. சளி பிடிக்கும், ஆனால் காய்ச்சல் அடிக்கும், அம்மை போடும். பைத்தியமோ பிடிக்கும், அது தொற்றாவிட்டாலும். தமிழில் நோய் ஓர் ஆள், அதுதான் வந்து மனிதனைப் பிடிக்கிறது. பேயும் அப்படியே. ஏர்வாடி தர்காவுக்கு 'பேய் பிடிச்சிருக்கு' என்று கூட்டிவரப்பட்டவர்களில் எத்தனை பேர் வைத்தியம் தேவைப்பட்ட நோயாளிகள் என்பதை ஊர் யோசித்தது, 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்த பிறகுதான். பிடித்தது வெளியே இருந்து வந்த ஒன்று என்று மொழி சொல்லும்போது, அதை ஓட்டுகிறவரைத் தேடத்தான் கால் முதலில் போகிறது. முழுப் பழியையும் வினைச்சொல் மேல் போட மாட்டேன், ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை.

தீயைப் பொறுத்தவரை இரண்டு மொழியும் கிட்டத்தட்ட அண்டை வீடு. 'த போட் காட் ஃபயர்' என்பதில் படகு எழுவாய், 'போட்டுல தீப் பிடிச்சுக்கிச்சு' என்பதில் தீ எழுவாய். ஈர விறகைப் பார்த்து 'பிடிக்க மாட்டேங்குது' என்று அலுத்துக்கொள்வதை மட்டும் இங்கிலீஷிலும் அதே 'கேட்ச்' போட்டு அதே அலுப்போடு சொல்லலாம்.

ஒரு வினையின் பொருள்கள் எங்கெங்கே பிரிகின்றன என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி, அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பது. தமிழில் பிடிக்கு எதிர் விடு, எல்லாவற்றுக்கும். பஸ்ஸை விட்டுட்டேன், கேட்சை விட்டுட்டான், காய்ச்சல் விட்டுருச்சு, பேய் விட்டுருச்சு, அடம்பிடித்த பிள்ளை அடத்தை விட்டது, பிடித்த மழையும் விட்டாச்சு. இங்கிலீஷில் ஒவ்வொரு 'கேட்ச்'சுக்கும் வேறு வேறு எதிரி. பஸ்ஸுக்கு 'மிஸ்', பந்துக்கு 'டிராப்', மீனுக்கு 'ரிலீஸ்', தடுமனுக்கு 'கெட் ஓவர்'. 'ஐ லெஃப்ட் த பஸ்' என்று எழுதுகிற பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டதாக அர்த்தம் வருவது இதனால்தான்.

கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் 33-ஆவது விதி 'காட்' ஆவதைப் பற்றியது. அங்கே ஆட்டக்காரர் பிடிக்கப்படுகிறார், அதாவது அடித்த பந்து பிடிபட்டால் அடித்த ஆளே பிடிபட்டதாகக் கணக்கு. இலங்கை வானொலி இந்தக் கரையில் நம் வானொலியைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் உண்டு, ஈழத்துத் தமிழில் ஆட்டக்காரர் 'பிடி கொடுத்து ஆட்டமிழந்தார்' என்று சொல்வார்கள். என் காதுக்கு இது மூலத்தைவிட நன்றாக இருக்கிறது. பிடி கொடுத்தது யார் தப்பு என்பதும் அதில் வந்துவிடுகிறது. கடன் கேட்டால் 'பிடி கொடுக்காமப் பேசுறான்' என்கிறோமே, அந்தக் கெட்டிக்காரனும் நினைவுக்கு வருகிறான்.

மாட்டிக்கொள்கிற பொருளில் வருகிற 'கேட்ச்' தனிக் கிளை. மன்னார் வளைகுடாப் பக்கம் கடலுக்கடியில் பார் என்கிற பாறைத்திட்டு அதிகம். பவளப் பாரில் வலை மாட்டினால் இங்கிலீஷில் 'த நெட் காட் ஆன் எ ராக்'. ஆணியில் சேலை மாட்டுவதும் டிராஃபிக்கில் ஆள் மாட்டுவதும் இதேதான். அந்த மாட்டலைப் பெயர்ச்சொல்லாக்கினால் கதவுக் கொண்டி கிடைக்கும், இன்னொரு அடி வைத்தால் 'வாட்ஸ் த கேட்ச்?' என்ற பிரசித்தமான சந்தேகம் கிடைக்கும். பாதி விலைக்கு போன் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், 'இதுல என்ன கொக்கி?' என்று நாம் கேட்போமே, அதுவே.

ஏமாற்றுகிற இணை ஒன்றும் இருக்கிறது: மூச்சு. 'கேட்ச் யுவர் பிரத்' என்பதை 'மூச்சைப் பிடி' என்று பெயர்த்தால் நேர் எதிராகப் போய்விடும். ஓடி வந்து இரைக்கிறவரிடம் 'கொஞ்சம் நின்னு மூச்சு விட்டுக்க' என்று சொல்வதுதான் அந்த இங்கிலீஷ். தப்பி ஓடுகிற மூச்சை எட்டிப் பிடித்து அதன் ஓட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறார்களாம், பழைய விரட்டல் பொருள் இங்கேயும் தலைகாட்டுகிறது. கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர்களும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற பெண்களும் முங்கும்போது செய்வது மூச்சைப் பிடிப்பது, தம் கட்டுவது. அதற்கு 'ஹோல்டு'. பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வந்து, மிதவையைப் பிடித்தபடி இரைக்க இரைக்க இருக்கும் அந்த அரை நிமிஷம்தான் 'கேட்ச்'. தண்ணீருக்கு அடியில் ஒரு வினை, மேலே ஒரு வினை. மூச்சுப்பிடிப்பு என்று நாம் தைலம் தேய்க்கிற வலிக்கோ இரண்டுமே உதவாது.

ராமேஸ்வரம் செய்தி என்றாலே வருகிற வினையையும் சொல்லியாக வேண்டும். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக் கோடு போட்டன. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அன்றிலிருந்து கோட்டைத் தாண்டியதாகப் படகுகள் பிடிபடுவது தொடர்கிறது. இங்கிலீஷில் ஒருவன் 'வாஸ் காட்' என்றால் கையும் களவுமாக அகப்பட்டான் என்ற நிழல் விழும், குற்றம் முடிவாகிவிட்டது போல. 'அரெஸ்டட்' என்றால் அந்த நிழல் இல்லை, பிடித்தது யார் என்பதுதான் முன்னால் நிற்கும். நம் பத்திரிகைகளில் 'மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று தலைப்பு வரும். பிடித்தவர்மேல் வெளிச்சம். 'எல்லை தாண்டிய மீனவர்கள் பிடிபட்டனர்' என்று எழுதினால் அதே செய்தியில் வெளிச்சம் படகுமேல் திரும்பிவிடும். இங்கிலீஷில் நம் பிள்ளைகள் இதை எழுதும்போது எந்த வினையைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுவது நல்லது. துறைமுகத்தில் காத்திருக்கிற குடும்பத்துக்கு இது இலக்கணப் பிரச்சினை இல்லை.

கடைசியாக, பெயர்ச்சொல்லான 'கேட்ச்'. மீன் ஆராய்ச்சிக்காரர்களின் அன்றாடச் சொல் இது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-இல் கொச்சிக்கு மாறும் முன் மண்டபத்தைத் தலைமையிடமாக வைத்திருந்தது, அதனால் இந்தச் சொல் இங்கே பழசு. அவர்கள் 'கேட்ச்' வேறு, 'லேண்டிங்' வேறு என்பார்கள். கடலில் வலையில் வந்தது எல்லாம் முதலாவது. வேண்டாததைக் கடலிலேயே தள்ளிவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தது இரண்டாவது. இறாலுக்கு இழுத்த வலையின் மடியில் கூடவே வருகிற குஞ்சுமீன், பொடிநண்டு வகையறா 'பைகேட்ச்'. கரையில் அதற்குக் கழிசல் என்று பேர், கோழித்தீவனத்துக்குப் போகும்.

அதைவிட முக்கியமான அளவு, பட்ட மீனைப் பட்ட பாட்டால் வகுப்பது. ஒரு படகு இத்தனை மணிநேரம் இழுத்து இத்தனை கிலோ என்று கணக்கிட்டு, வருஷா வருஷம் ஒப்பிடுவார்கள். மொத்த எடை குறையாமல் இருந்தும் இந்த விகிதம் சரிந்துகொண்டே போனால், அதே மீனுக்கு அதிக நேரமும் அதிக டீசலும் செலவாகிறது, கடலில் மீன் குறைகிறது என்று பொருள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைப்பதற்குப் பின்னாலும் இந்தக் கவலை இருக்கிறது. இங்கிலீஷில் இதற்கு 'கேட்ச்' என்றும் 'எஃபர்ட்' என்றும் இரண்டு சொல் வேண்டும். நமக்குச் 'சுடு' என்ற வினையிலிருந்து 'சூடு' வருவதுபோல, 'கெடு' என்பதிலிருந்து 'கேடு' வருவதுபோல, 'படு' என்பதிலிருந்து 'பாடு' வருகிறது. வலையில் பட்ட மீனும் பாடு, அதற்காக ஆள் பட்ட கஷ்டமும் பாடு. தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போய் வந்தவரிடம் "பாடு எப்படிண்ணே?" என்று கேட்டால், அவர் கிலோவைச் சொல்வாரா, டீசலைச் சொல்வாரா, கோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ரோந்துப் படகைச் சொல்வாரா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது.